விதியும் விலக்கும்: ஆங்கிலத் துணைவினைகளின் பொருளும் சமூக அடிப்படையும்

ஒருவரை ஒரு செயலைச் செய்யுமாறு பணிப்பதும், ஒரு செயலினின்றும் விலக்குவதும் மொழி ஆற்றும் மிகப் பழைய தொழில்களுள் அடங்குவனவாம். எந்த மொழியும் இவ்விரண்டுக்கும் வழிவகை கொண்டிருத்தல் இயல்பே. தமிழிலக்கண மரபு ஏவலையும் வியங்கோளையும் வினைமுற்றுகளாகக் கொண்டு இவற்றை ஆராய்ந்தது. ஆங்கிலத்திலோ கட்டாயம், தடை, அனுமதி ஆகிய பொருள்கள் பெரும்பாலும் 'மஸ்ட்', 'ஷல்', 'ஷுட்', 'ஓட் டு', 'மே', 'கான்', 'நீட்' என்னும் சிறியதொரு துணைவினைக் கூட்டத்தினால் உணர்த்தப்படுகின்றன. 'ஹாவ் டு', 'நீட் டு' என்னும் தொடர்கள் இக்கூட்டத்தைச் சூழ நின்று அதன் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன.

எமது மாணவர் கற்கும் ஆங்கில இலக்கண நூல்கள் இவற்றை ஓர் அட்டவணையில் அடக்கிவிடுகின்றன. 'மஸ்ட்' என்றால் வேண்டும், 'மே' என்றால் -லாம், 'கனொட்' என்றால் முடியாது என்ற அளவில் விளக்கம் முற்றுப்பெறுகின்றது. ஆனால் ஒருவர் மற்றொருவரைக் கட்டுப்படுத்தும்போது அங்கே இருவர் உளர்; அவர்களுக்கிடையே ஓர் உறவும் உண்டு. யார் கட்டுப்படுத்துகின்றார், யார் கட்டுப்படுகின்றார், எந்த அதிகாரத்தின் பேரால் என்னும் வினாக்களை விலக்கிவிட்டு இத்துணைவினைகளின் பொருளை முழுமையாக விளக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. துணைவினைகளில் சமூக உறவுகள் படிந்துள்ளன என்று கூறுவது, இலக்கணம் ஒரு வர்க்கத்தின் உடைமை என்று கூறுவதன்று. மொழி மேற்கட்டுமானத்தின் பகுதி என்ற மாரின் கொள்கையை 1950இல் ஸ்டாலின் மறுத்தெழுதியமை பலரும் அறிந்ததே. தோட்டத் துரையும் தொழிற்சங்கத் தலைவரும் ஒரே 'மஸ்ட்'டையே பயன்படுத்துகின்றனர். ஆயின் ஒரே சொல்லை எதிரெதிர் நலன்கள் உடையோர் கையாளும்போது அச்சொல்லின் பொருள் போராட்டக் களமாகின்றது என்பதை வொலோஷினோவ் 1929இல் வெளிவந்த தமது மார்க்சியமும் மொழித் தத்துவமும் பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குவதே பயனுடையதாகும்.

1. கட்டாயத்தின் தோற்றுவாய்

'மஸ்ட்', 'ஹாவ் டு' ஆகிய இரண்டையும் தமிழில் நாம் 'வேண்டும்' என்றே பெயர்க்கின்றோம். எனினும் அவை ஒன்றல்ல. பொதுவாக நோக்குமிடத்து, 'மஸ்ட்' என்பதில் கட்டாயத்தின் தோற்றுவாய் பேசுபவரிடத்தில் உள்ளது. 'ஹாவ் டு' என்பதில் அது பேசுபவருக்குப் புறம்பான சட்டத்திலோ சூழ்நிலையிலோ பிறிதொருவரின் ஆணையிலோ உள்ளது. தொழிற்சங்கத் தலைவர் கூட்டத்தில் எழுந்து 'நாம் வேலையை நிறுத்த வேண்டும்' என்று கூறும்போது ஆங்கிலத்தில் 'மஸ்ட்' பொருந்தும். அவர் தமது அதிகாரத்தையும் நம்பிக்கையையும் அவ்வுரையின் பின்னால் நிறுத்துகின்றார். அதே தொழிலாளி மறுநாட் காலை தன் பிள்ளையிடம் 'நான் வேலைக்குப் போக வேண்டும்' என்று கூறும்போது 'ஹாவ் டு' என்பதே இயல்பு. அக்கட்டாயம் அவர் விதித்ததன்று.

இவ்வேறுபாடு எல்லா இடத்தும் இறுக்கமாகப் பேணப்படுவதில்லை. 'மஸ்ட்'டுக்கு இறந்தகால வடிவம் இல்லாமையால் சென்ற காலத்துக் கட்டாயம் முழுவதையும் 'ஹாவ் டு' என்பதன் இறந்தகால வடிவமே சுமக்கின்றது. எனினும் நிகழ்காலத்தில் இரண்டுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் எழுத்தாளர், கட்டாயத்துக்குத் தாம் பொறுப்பேற்கின்றாரா என்பதையும் உடன் தெரிவிக்கின்றார். அலுவலர் ஒருவர் மனுதாரரிடம் 'மஸ்ட்' என்னாது 'ஹாவ் டு' என்று கூறும்போது, 'விதி அப்படி, நான் என்ன செய்ய?' என்ற கைவிரிப்பும் அதனுள் ஒலிக்கின்றது.

'ஷுட்', 'ஓட் டு' ஆகியன வலிமை குறைந்த கட்டாயத்தை உணர்த்துவன. இவை அறத்தையும் அறிவுரையையும் சார்ந்தவை. 'மஸ்ட்' என்ற பின்னர் 'ஆனால் அவர் செய்யமாட்டார்' என்று தொடர்வது முரணாக ஒலிக்கும். 'ஷுட்' என்ற பின்னர் அவ்வாறு தொடர்வதில் முரண் எதுவும் இல்லை. செய்யாது விடுவதற்கான வாய்ப்பு 'ஷுட்'டின் பொருளுக்குள்ளேயே இடம்பெற்றுள்ளது. இச்சிறு வேறுபாட்டின் பெறுமதியைப் பின்னர் காண்போம்.

2. எதிர்மறையின் இடம்

மாணவர் பெரிதும் இடர்ப்படுவது எதிர்மறையிலேயாம். 1951இல் ஃபின்லாந்துத் தத்துவ அறிஞர் வொன் ரைட் விதி, விலக்கு, அனுமதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கொண்டு வரையறுக்கத்தக்கன என்று காட்டினார். ஒரு செயல் தடைசெய்யப்பட்டது என்றால் அதைச் செய்யாமை கட்டாயம் என்பது பொருள். ஒரு செயல் அனுமதிக்கப்பட்டது என்றால் அது தடைசெய்யப்படவில்லை என்பது பொருள். ஒரு செயல் கட்டாயமில்லை என்றால் அதைச் செய்யாதிருக்க அனுமதி உண்டு என்பது பொருள்.

ஆகவே எதிர்மறைச் சொல் எதனைச் சார்கின்றது என்பதே முதன்மையான வினா. 'மஸ்ட் நொட்' என்பதில் அது தலைமை வினையைச் சார்கின்றது; 'செய்யாமை கட்டாயம்' என்று பொருள்பட்டுத் தடையாகின்றது. 'நீட் நொட்', 'டோன்ட் ஹாவ் டு' ஆகியவற்றில் அது கட்டாயத்தையே மறுக்கின்றது. 'செய்தல் கட்டாயமன்று' என்று பொருள்பட்டு விடுதலையாகின்றது. 'மே நொட்' என்பதில் அனுமதி மறுக்கப்படுகின்றது. எனவே அதுவும் தடையே. 'மஸ்ட்', 'ஹாவ் டு' ஆகியன உடன்பாட்டில் அண்டை வீட்டாராயினும் எதிர்மறையில் எதிரெதிர்த் திசைகளிற் செல்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இது ஆங்கிலத்தின் தனித்தன்மை. எல்லா மொழிக்கும் பொதுவானதன்று. 'மஸ்ட்'டுடன் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருக்கும் ஜேர்மன் துணைவினையோடு எதிர்மறை சேரும்போது பொதுவாகப் பெறப்படுவது தடையன்று, கட்டாயமின்மையே. தடையை உணர்த்த ஜேர்மன் மொழி அனுமதியைக் குறிக்கும் வேறொரு துணைவினையை எதிர்மறையாக்கும்.

தமிழின் நிலையோ மேலும் ஆராயத்தக்கது. 'வேண்டும்' என்பதன் எதிர்மறையான 'வேண்டாம்' இரு பொருளுக்கும் இடந்தருகின்றது. 'நாளைக்கு நீ வர வேண்டாம்' என்ற கூற்று வரவேண்டிய தேவையில்லை என்ற சலுகையாகவும் அமையலாம். வந்துவிடாதே என்ற தடையாகவும் அமையலாம். குரலும் உறவுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஐயத்தை நீக்க விரும்பும்போது 'வரவேண்டியதில்லை' என்றோ 'வரக்கூடாது' என்றோ நாம் பிரித்துக் கூறுகின்றோம். இதனாலேயே எமது மாணவர் 'மஸ்ட் நொட்', 'நீட் நொட்' ஆகியவற்றை இடம்மாற்றி எழுதுகின்றனர். இத்தவறு கவனக்குறைவினால் நேர்வதன்று; தாய்மொழியின் அமைப்பு அவர்களை அவ்வழியே இட்டுச் செல்கின்றது. இதனை விளக்காது சிவப்பு மையினால் அடிப்பதில் பயனில்லை.

'கூடும்' என்பதும் சுவையான ஒரு சான்றாகும். 'அவர் வரக்கூடும்' என்பது நிகழ்தகவைக் குறிக்கின்றது. 'அவர் வரக்கூடாது' என்பதோ நிகழ்தகவின் மறுப்பாக அமையாது தடையாக நிற்கின்றது. ஆங்கில 'மே' என்பதற்கு மிக நெருங்கியது -லாம் என்னும் விகுதியே. இரண்டும் அனுமதியையும் நிகழ்தகவையும் ஒருங்கே உணர்த்துவன. அதன் மறுதலையான 'செய்யலாகாது' என்பது 'மே நொட்' என்பதன் அமைப்பை அப்படியே ஒத்திருக்கின்றது. பேச்சுவழக்கில் 'உள்ளே போகேலாது' என்று வாயிற்காவலர் கூறும்போது இயலாமைச் சொல் தடைச்சொல்லாகின்றது; ஆங்கிலக் 'கனொட்'டும் அவ்வாறே. தடுப்பவர் தாமே என்பதை மறைத்து, செயலே இயலாதது போலக் காட்டும் உத்தி இரு மொழிக்கும் பொதுவாயிருத்தல் காண்க.

இவை வெறும் பயிற்சிப் புத்தக நுட்பங்களல்ல. ஒரு வேலை ஒப்பந்தத்தில் தொழிலாளி மேலதிக நேரம் வேலை செய்தல் பற்றி 'நீட் நொட்' என்று எழுதப்பட்டிருப்பின் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. 'மஸ்ட் நொட்' என்று எழுதப்பட்டிருப்பின் விரும்பினும் அவர் செய்ய இயலாது, செய்தாற் குற்றம். இரண்டையும் 'வேலை செய்ய வேண்டாம்' என்று ஒருவர் மொழிபெயர்த்துவிட்டால் உரிமையும் தடையும் ஒன்றாகிவிடுகின்றன. கையொப்பம் இடுபவர் எதற்கு உடன்பட்டார் என்பதை அம்மொழிபெயர்ப்பைக் கொண்டு அறிய முடியாது.

3. கடன் என்னும் வேர்

இத்துணைவினைகளின் வரலாறு சிந்தனைக்குரியது. பழைய ஆங்கிலத்தில் 'ஷல்' என்பதன் மூலவினைக்குக் கடன்பட்டிருத்தல் என்பது பொருள். ஜேர்மன் மொழியில் இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் 'ஷூல்ட்' என்ற சொல் இதன் உறவாகும். 'ஓட்' என்பது 'ஓ', அதாவது கடன்படு என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவம். இன்னும் பின்னோக்கிச் சென்றால் அவ்வினையின் மூலப்பொருள் உடைமையாகக் கொள்ளுதல் என்பதாகும். உடைமையைக் குறிக்கும் 'ஓன்' என்னும் சொல்லும் அதே வேரிற் பிறந்ததே. உடைமைக்கும் கடனுக்கும் கடமைக்கும் ஒரே வேர்! 'ஹாவ் டு' என்பதும் உடைமை வினையிலிருந்தே தோன்றியது. 'மஸ்ட்' மட்டும் வேறு வழியில் வந்தது. அதன் மூலவினைக்கு அனுமதி பெற்றிருத்தல் என்பது பொருள். மேலோர் தரும் அனுமதி ஆணையாக ஒலிப்பது எமக்கும் புதியதன்று. அலுவலகத்தில் மேலதிகாரி 'நீர் போகலாம்' என்றால் அது விடைகொடுப்பன்று; வெளியேற்றமே.

தமிழிலும் கடன் என்னும் சொல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் குறிப்பதை யாவரும் அறிவர். புறநானூற்றுப் பொன்முடியார் பாடலில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஒவ்வொருவருக்கும் கடன் வகுக்கப்படுகின்றது. வீரயுகத்துச் சமூகம் தன் வேலைப் பிரிவினையைக் கடன் என்ற சொல்லினாலேயே நியாயப்படுத்திக்கொள்வதை அங்கு காணலாம். சோழர்காலக் கல்வெட்டுகளிற் கடமை என்பது நிலவரியின் பெயர். அறவொழுக்கத்தின் சொல்லும் அரசிறையின் சொல்லும் ஒன்றாயிருந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

கடனும் குற்றவுணர்வும் ஒரே சொல்லில் அமைந்துள்ளமையை நீட்சே 1887இல் சுட்டிக்காட்டி ஒழுக்கத்தின் தோற்றம் பற்றிய கொள்கையொன்றை அதன்மீது கட்டினார். அவர் கடன்கொடுத்தோனுக்கும் கடன்பட்டோனுக்கும் இடையிலான உறவை எல்லாக் காலத்துக்கும் பொதுவான மனித இயல்பாகக் கண்டார். நாம் அதனை வரலாற்று உறவாகக் காண வேண்டியவராகின்றோம். சொற்பிறப்பு இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. இன்று 'ஓட் டு' என்று கூறும் ஆங்கிலேயர் எவரும் கடனை நினைப்பதில்லை. சொற்பிறப்பு எமக்கு உணர்த்துவது, கட்டாயம் என்ற கருத்து எந்த உறவுகளின் சாயலில் முதலில் சிந்திக்கப்பட்டது என்பதை மட்டுமே.

அச்சாயல் எமது நாட்டில் உருவகமாக இராது நடைமுறையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியத் தமிழ்த் தொழிலாளர் இலங்கைப் பெருந்தோட்டங்களுக்குக் கடனாளிகளாகவே வந்துசேர்ந்தனர். பயணச் செலவும் முற்பணமும் பெரிய கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயரிற் பதியப்பட்டன. அக்கடன் தீர்க்கப்பட்டாலன்றித் தோட்டம் மாற இயலாது. கடன் செலுத்தப்பட்டால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. அச்சட்டம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. அதனாற் கட்டுண்டோருட் பெரும்பாலோருக்கு அதன் துணைவினைகள் எட்டாதவை. விதியின் மொழி ஒன்று, விதிக்கு உட்பட்டோரின் மொழி வேறொன்று என்ற நிலையிற் கட்டாயத்துக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. தண்டனையே அதன் விளக்கமாகிவிடுகின்றது.

4. சட்டத்தின் 'ஷல்'

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஷல்' அருகிவிட்டது. சட்டத்திலோ அது நெடுங்காலம் அரசோச்சியது. 1653இல் ஜோன் வலிஸ் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் 'ஷல்', 'வில்' ஆகியவற்றுக்கிடையே ஒரு விதி வகுத்தார். தன்மையில் 'ஷல்' வருவதுரைக்கும், 'வில்' வாக்குறுதியோ மிரட்டலோ தரும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இம்முறை தலைகீழாகும். அதாவது 'நீ', 'அவன்' என்போருடன் 'ஷல்' சேரும்போது அது பேசுபவரின் ஆணையாகின்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் அத்துணைவினை ஒலிப்பதும் இவ்வாறே. தமிழ் வேதாகமம் அவ்விடங்களில் '-ஆதிருப்பாயாக' என்னும் வடிவை மேற்கொண்டமை, வியங்கோளின் வீறை உணர்ந்தோர் செய்த தெரிவு எனலாம்.

சட்ட வரைஞரின் கையில் 'ஷல்' பல தொழில் செய்யத் தொடங்கியது. ஒருவர்மீது கடமையைச் சுமத்தவும், ஒன்றை அவ்வாறென்று நிறுவவும், வருவதை உரைக்கவும் அதுவே வழங்கிற்று. 'மே' என்பதிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. அதிகாரம் அளிக்கும் சொற்களுக்குள் கடமையும் அடங்குமோ என்ற வினா 1880இல் ஒக்ஸ்போர்ட் ஆயர் தொடர்பான வழக்கிற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை சென்றது. அளிக்கும் சொற்கள் அளிப்பன மட்டுமே என்றும், ஆயினும் அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருக்கும் சூழ்நிலைகள் உண்டு என்றும் அங்கு தீர்க்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் 'ஷல்'லைக் கைவிடும் போக்கு வலுப்பெற்றுள்ளது. தென்னாபிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால யாப்பு 'ஷல்'லினால் நிறைந்திருந்தது. இனவொதுக்கல் வீழ்ந்த பின்னர் 1996இல் இயற்றப்பட்ட யாப்பு பொதுமக்கள் வாசித்து விளங்கவேண்டும் என்ற நோக்குடன் பெரும்பாலும் 'மஸ்ட்'டை மேற்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவிற் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் மீள எழுதப்பட்டபோது 'ஷல்' நீக்கப்பட்டு, இடத்துக்கேற்ப 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' ஆகியன இடப்பட்டன. சட்டம் எவருக்குரியது என்ற வினா துணைவினையின் தெரிவிலும் எழுகின்றது என்பதற்கு இவை சான்றுகள்.

இலங்கைச் சட்டத் தமிழ் 'ஷல்'லுக்கு நேராக '-தல் வேண்டும்' என்ற வாய்பாட்டை நிலைநிறுத்தியுள்ளது. 'ஆதல் வேண்டும்', 'செய்தல் வேண்டும்', 'செய்தலாகாது' என்பன அதன் முத்திரைகள். இவ்வாய்பாடு 'ஷல்'லின் மயக்கத்தையும் உடன் ஏற்றுக்கொண்டது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது 'ஷல்' கொண்டே. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றதும் 'ஷல்' கொண்டே. இங்கு 'ஷல்' எவர்மீதும் கடமையைச் சுமத்தவில்லை. ஒரு தகுதியை நிறுவுகின்றது. வாக்கியத்தின் எழுவாய் ஒரு மொழி. மொழி எக்கடமையையும் ஆற்றவல்லதன்று. பதிவாளரோ பொலிஸ் அலுவலரோ எந்த மொழியிற் படிவம் வழங்கவேண்டும் என்பது வேறு வாக்கியங்களில், வேறு எழுவாய்களோடு கூறப்பட்டாக வேண்டும். கூறப்பட்ட பின் ஆட்பலத்தாலும் நிதியாலும் நிறைவேற்றப்பட்டாக வேண்டும். ஆதல் வேண்டும் என்பதற்கும் செய்தல் வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியிலேயே தமிழ் பேசும் குடிமகன் தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்குக் கையொப்பம் இட நேர்கின்றது. எமது சட்டங்கள் பலவற்றின் இறுதிப் பிரிவு, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை தோன்றின் சிங்கள உரையே மேலோங்குதல் வேண்டும் என்று கூறுவதையும் இத்துடன் சேர்த்து நோக்குக. அங்கு அதே 'வேண்டும்' எவ்வித மயக்கமுமின்றித் தொழிற்படுகின்றது.

5. ஒரு சொல்லின் விலை

சர்வதேச ஆவணங்களில் 'ஷல்', 'ஷுட்' ஆகியவற்றின் வேறுபாடு அரசுகளின் பொறுப்பையே அளவிடுகின்றது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனம் மனிதர் சகோதர மனப்பான்மையுடன் ஒழுகுவதைப் பற்றி முதலாம் உறுப்புரையிற் பேசும்போது 'ஷுட்' என்கிறது. அடிமைத்தனத்தை விலக்கும் நான்காம் உறுப்புரையில் 'ஷல்' என்கிறது. சர்வதேச தொழில் தாபனத்திலும் அரசுகளைப் பிணிக்கும் சமவாயங்கள் 'ஷல்' என்று பேசும். பிணிக்காத விதப்புரைகள் 'ஷுட்' என்று பேசும். தொழிலாளரின் கோரிக்கையொன்று இவ்விரண்டுள் எந்த ஆவணத்திற் சென்று சேர்கின்றது என்பதிலேயே அதன் தலைவிதி பெரிதும் தங்கியுள்ளது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பாரிஸ் காலநிலை உடன்படிக்கையாகும். 2015 டிசெம்பர் 12ஆம் திகதி இறுதி வரைவு வெளியானபோது நான்காம் உறுப்புரையின் நான்காம் பந்தி, வளர்ச்சியடைந்த நாடுகள் பொருளாதாரம் முழுவதையும் தழுவிய வெளியேற்றக் குறைப்பு இலக்குகளை ஏற்று முன்செல்வதை 'ஷல்' கொண்டு கூறியிருந்தது. வளரும் நாடுகளின் முயற்சி பற்றிய அடுத்த வாக்கியத்தில் 'ஷுட்' இருந்தது. தொழிற்புரட்சி முதலாக வளிமண்டலத்தை நிரப்பியோருக்கும் அதன் விளைவை அனுபவிப்போருக்கும் இடையிலான வேறுபாடு அவ்விரு துணைவினைகளில் அடங்கியிருந்தது. ஐக்கிய அமெரிக்கா 'ஷல்'லை ஏற்க மறுத்தது. இலக்குகள் சட்டக் கடமையாயின் அந்நாட்டுச் செனற் சபையின் ஒப்புதல் தேவைப்படும். அது கிடைக்காது என்பது வெளிப்படை. பல மணிநேரத் தாமதத்தின் பின்னர், எழுத்துப்பிழை முதலிய சிறு திருத்தங்களின் பட்டியலோடு 'ஷல்' 'ஷுட்' ஆக மாற்றப்பட்டமை அவையில் வாசிக்கப்பட்டது. உடன்படிக்கை நிறைவேறிற்று.

அத்திருத்தம் தொழில்நுட்பத் திருத்தம் எனப்பட்டது. மேலே நாம் கூறியவாறு, செய்யாது விடுவதற்கான வாய்ப்பு 'ஷுட்'டின் பொருளிலேயே உள்ளது. அவ்வாய்ப்பையே பெருஞ்செல்வம் படைத்த நாடொன்று கேட்டுப் பெற்றது. அதனை மறுத்திருந்தால் உடன்படிக்கையே இல்லாது போயிருக்கும் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் எந்தப் பக்கத்துக்கு 'ஷல்'லைத் தள்ளிவிடும் வலிமை உண்டு, எந்தப் பக்கத்துக்கு இல்லை என்பதை அந்நிகழ்ச்சி ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. கடன் கட்டவேண்டியவர் கடனைக் குறிக்கும் பழஞ்சொல்லை அழித்துவிட்டார் என்று கூறினும் தவறாகாது.

6. 'மஸ்ட்'டின் தேய்வும் 'நீட் டு'வின் எழுச்சியும்

ஆங்கிலத்தின் துணைவினைகள் இன்று மாறிவருகின்றன. 1961ஆம், 1991ஆம் ஆண்டுகளின் அச்சிட்ட பிரித்தானிய ஆங்கிலத்தைப் பிரதிபலிக்கும் இரு தொகுப்புகளை ஜெப்ரி லீச் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்முப்பது ஆண்டுகளில் 'மஸ்ட்' ஏறத்தாழ 29 வீதமும் 'ஷல்' ஏறத்தாழ 44 வீதமும் வீழ்ச்சியடைந்தன. அதே காலத்தில் 'நீட் டு' பன்மடங்கு பெருகிற்று. இதற்குக் காரணங்களுள் ஒன்றாக ஆய்வாளர் கூறுவது சனநாயகப்படுத்தல் என்பதாகும். வெளிப்படையான ஆணையை இக்காலச் சமூகம் விரும்புவதில்லை. எனவே மேலோர் கீழோர் என்ற வேறுபாட்டை வெளிக்காட்டும் 'மஸ்ட்' ஒதுங்குகின்றது என்பர்.

இவ்விளக்கம் ஒரு பகுதியளவில் உண்மையே. ஆயினும் வேறுபாட்டின் அடையாளம் மறைந்தமையும் வேறுபாடே மறைந்தமையும் ஒன்றல்ல. நோர்மன் பெயர்க்ளவ் 1992இல் இதனை வற்புறுத்தினார். 'நீட் டு' என்பது தேவையைக் குறிக்கும் சொல். முகாமையாளர் ஊழியரிடம் 'நீங்கள் இதை இன்று முடிக்க வேண்டியுள்ளது' என்று அச்சொல்லைக் கொண்டு கூறும்போது, முதலாளியின் தேவை தொழிலாளியின் தேவையாக உருமாறுகின்றது. 'மஸ்ட்' என்றிருந்தால் 'யார் சொல்கிறார்?' என்று திருப்பிக் கேட்கலாம். தன் தேவையை எவர்தான் எதிர்த்துப் பேசுவார்? ஆணை மென்மையாகியுள்ளது, ஆனால் மறுப்பதற்கான பிடிமானம் நழுவிவிட்டது. செயப்பாட்டு வினையில் அமைந்த அறிவிப்புகளும் இவ்வினத்தனவே. 'அனுமதிக்கப்படமாட்டாது' என்ற பலகையில் அனுமதிக்காதவர் இல்லை.

தமிழ் 'வேண்டும்' விருப்பத்தையும் தேவையையும் கட்டாயத்தையும் ஒருங்கே குறிப்பது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', 'நான் போக வேண்டும்' என்பன ஒரே சொல்லாற் கூறப்படுகின்றன. திணை, பால், எண், இடம் எதுவும் காட்டாது நிற்பதும் அதன் இயல்பு. செய், செய்யும், செய்யுங்கோ என்று எமது பேச்சுத் தமிழ் ஏவலிற் படிநிலை காட்டுகின்றது. 'வேண்டும்' அப்படிநிலையை மறைக்கின்றது. இதனாலேயே அலுவலகச் சுற்றறிக்கைக்கும் கட்சித் தீர்மானத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அது விருப்பமான வடிவமாயிற்று. 'மனங்கொளல் வேண்டும்' என்று நாம் எழுதும்போது யார் வேண்டுகின்றார் என்று வாசகர் கேட்பதில்லை.

எனவே இத்துணைவினைகளைக் கற்பிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் இரு பணிகள் உள. முதலாவது, எதிர்மறை எதனைச் சார்கின்றது என்பதைத் தாய்மொழியோடு ஒப்பிட்டு விளக்குதல். 'வேண்டாம்' என்பதைத் தனியே விடாது, தடையாயின் 'கூடாது' என்றும் விடுதலையாயின் 'வேண்டியதில்லை' என்றும் பிரித்தெழுதும் பழக்கம் ஒப்பந்தங்களிலும் அறிவிப்புகளிலும் வேரூன்றினால் எளிய மக்கள் பலர் பயன்பெறுவர். இரண்டாவது, ஒவ்வொரு 'மஸ்ட்'டின் பின்னாலும் ஒவ்வொரு 'வேண்டும்' என்பதன் பின்னாலும் எழுவாயைத் தேடும் பயிற்சியை அளித்தல். விதிப்பவர் யார், விதியை மீறினால் இழப்பவர் யார், அதை 'ஷுட்' ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ளவர் யார் என்று வினவத் தெரிந்த மாணவன், இலக்கணத்தை மட்டுமன்றித் தான் வாழும் சமூகத்தையும் கற்றவனாவான்.